ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு, ரைசன் 5 7600 பிராசசர் உள்ள கேமிங் கணினிக்குச் சத்தமில்லாத பவர் சப்ளை எது?

சத்தம் போடுவது பெரும்பாலும் அதன் ஃபேன்தான். ஃபேன் வேகமெடுப்பது சூட்டினால். சூடு வருவது வீணாகும் மின்சாரத்தால். கணினி 300 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 80 சதவீதத் திறனுள்ள சப்ளை சுவரிலிருந்து 375 வாட் எடுக்கும், அதில் 75 வாட் வெறும் சூடு. 90 சதவீதம் என்றால் சூடு 33 வாட்தான். ஃபேனுக்குப் பாதி வேலை மிச்சம்.

உங்கள் கார்டு 200 வாட், பிராசசர் முழு வேகத்தில் சுமார் 88 வாட். கார்டை வடிவமைத்த என்விடியா 650 வாட் சப்ளை போதும் என்கிறது. நான் 750 வாங்குவேன். பாதிச் சுமையில் ஓடும்போது ஃபேன் அலட்டிக்கொள்ளாது. 1000 வாட்டுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள்: 80 பிளஸ் கோல்டு முத்திரை திறனைத்தான் சொல்கிறது, சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு, பவர் சப்ளைகளைச் சோதிக்கும் சைபெனெட்டிக்ஸ் நிறுவனம் தரும் சத்த மதிப்பீட்டைப் பாருங்கள். ஏ பிளஸ் என்றால் சராசரி 20 டெசிபெலுக்குக் கீழே. விளையாடும்போது கார்டின் ஃபேன் சத்தமே அதை அமுக்கிவிடும்.

குறைந்த சுமையில் ஃபேன் நின்றுவிடும் வசதியை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு மயக்கம் இல்லை. நின்று நின்று கிளம்பும் ஃபேனைவிட, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பது காதுக்கு இதம்.

அப்புறம், கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் கேட்டால் அது காயில் அதிர்வு, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் மின்சாரம் பாயும்போது அதிர்வது. பல நேரம் அது கார்டிலிருந்து வரும், சப்ளையை மாற்றியும் போகாது. விளையாட்டில் ஃபிரேம் எண்ணிக்கைக்கு (நொடிக்கு எத்தனை படம் என்பதற்கு) வரம்பு வைத்துப் பாருங்கள், குறையும்.