நெட்டி முறிக்கக் கற்பதற்கு ஏழெட்டு ஆண்டுகளா?

வாசகர் கேள்விகள்: இம்முறை, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை தரும் கைரோபிராக்டர் படிப்பு

கேள்வி: எங்கள் மகள் ஃபுளோரிடாவில் பிறந்து வளர்ந்தவள்; பல்கலைக்கழகத்தில் உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எம்.டி. (அமெரிக்காவில் மருத்துவர் ஆவதற்கான பட்டம்) வேண்டாம், கைரோபிராக்டர் ஆகப் போகிறேன் என்கிறாள். ஊரில் சுளுக்கு வழிப்பவரை நினைத்துக்கொண்டு என் கணவர் கோபப்படுகிறார். இது டாக்டர் படிப்புதானா? எத்தனை ஆண்டுகள் ஆகும்?
– ஒரு வாசகி, டாம்பா

பதில்: நூறு ஆண்டுகளுக்கு முன்பு என்றால் உங்கள் கணவரின் கோபம் நியாயமாகவே இருந்திருக்கும், அம்மா. 1895-இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் இந்த முறையைத் தொடங்கியபோது இதற்குச் சட்டமும் இல்லை, உரிமமும் இல்லை. உரிமமின்றி மருத்துவம் பார்த்ததாக அவரே சிறை சென்றார். கான்சாஸ் 1913-இல் முதன்முதலாக உரிமச் சட்டம் இயற்றியது; கடைசி மாநிலமான லூசியானா அதைச் செய்ய 1974 வரை ஆயிற்று. இன்று ஐம்பது மாநிலங்களிலும் உரிமம் இல்லாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது.

பட்டத்தின் பெயர் 'டாக்டர் ஆஃப் கைரோபிராக்டிக்', சுருக்கமாக டி.சி. உங்கள் மாநிலச் சட்டம் இவர்களைக் 'கைரோபிராக்டிக் பிசிஷியன்' என்றே குறிப்பிடுகிறது. ஆனாலும் இது எம்.டி. அன்று. மருந்துச் சீட்டு எழுதுவதும் அறுவை சிகிச்சை செய்வதும் அங்கே அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல. இந்த எல்லையை மகள் தெளிவாக அறிந்துதான் தேர்ந்தெடுத்திருக்கிறாளா என்பதை மட்டும் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். பின்னாளில் வரும் ஏமாற்றம் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது.

கல்லூரியில் சேர, பட்டப்படிப்பு நிலையில் குறைந்தது 90 செமஸ்டர் கிரெடிட்டுகள் வேண்டும்; அதாவது ஏறத்தாழ மூன்று ஆண்டுப் படிப்பு. அவற்றில் 24 கிரெடிட்டுகள் உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற அறிவியல் பாடங்களாக இருக்க வேண்டும். அவற்றிலும் பாதிக்கு ஆய்வகப் பயிற்சி உண்டு. ஜி.பி.ஏ. எனப்படும் மதிப்பெண் சராசரி நான்குக்கு 3.0 என்பது பொதுவான அளவுகோல். 90 கிரெடிட் முடிந்ததும் இளநிலைப் பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். கல்லூரி சேர்த்துக்கொண்டாலும் சில மாநிலங்கள் உரிமம் தரும்போது இளநிலைப் பட்டத்தைக் கேட்கும். அவற்றில் ஃபுளோரிடாவும் ஒன்று.

அதன் பிறகு டி.சி. படிப்பு. கைரோபிராக்டிக் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருப்பது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். அக்கவுன்சில் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்று நேரம் 4,200 மணி. விடுமுறையின்றித் தொடர்ந்து நடத்தும் கல்லூரிகளில் ஆண்டுக்கு மூன்று பருவம் என்ற கணக்கில் பத்து டிரைமெஸ்டர்களில், அதாவது மூன்றேகால் ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், இது முடியும். மற்றவற்றில் நான்கு ஆண்டுகள். ஆகக் கூட்டிப் பார்த்தால் பள்ளிப் படிப்புக்குப் பின் ஏழு அல்லது எட்டு ஆண்டுகள். எம்.டி. படிப்புக்குப் பின் வரும் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி இங்கே கட்டாயமில்லை; கதிரியக்கவியல் போன்ற சிறப்புத் துறைகளை விரும்புவோர் மட்டும் அதற்குச் செல்கிறார்கள்.

கேள்வி: யூடியூபில் பார்க்கிறேன், கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, 'டக்' என்று ஒரு சத்தம், வந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார். எங்கள் தெரு சலூனில் இதை இலவசமாகவே செய்வார்கள். இதற்கு எதற்கு நான்காயிரம் மணி நேரம்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்தச் சத்தத்திற்கு நான்கு மணி நேரமே அதிகம். விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதும் அதே வகைச் சத்தம்தான். மூட்டினுள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழ் உருவாவதோடு தொடர்புடையது. எலும்பு 'இடத்தில் உட்கார்ந்ததற்கு' அது சான்று அன்று. மணிக்கணக்கு செலவாவது வேறு இடத்தில்.

முதல் பாதி உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என்று போகும். சடலத்தை அறுத்துக் கற்பதும் உண்டு. கூடவே கைக்குப் பயிற்சி தொடங்குகிறது. தலைமுடி ஒன்றைத் தாளுக்கு அடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அது கிடக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல வந்துவிட்டால் இன்னொரு தாளை மேலே வைப்பார்கள். தொட்டறியும் கைக்கு இது பழைய பயிற்சி. பிறகு மாணவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் பழகி, முதுகெலும்பின் எந்தக் கண்ணி அசைகிறது, எது அசைய மறுக்கிறது என்று தடவிக் கண்டுபிடிக்கக் கற்கிறார்கள்.

இரண்டாம் பாதியில் எக்ஸ்ரே படித்தலும் நோயறிதலும் முன்னே வருகின்றன. இறுதி ஆண்டில் கல்லூரி சிகிச்சையகத்தில், உரிமம் பெற்ற ஆசிரியரின் மேற்பார்வையில், உண்மையான நோயாளிகளைப் பார்க்கிறார்கள். மாணவர் நோயாளியின் வரலாற்றைக் கேட்டு, பரிசோதித்து, தன் முடிவையும் திட்டத்தையும் எழுதிக்கொண்டு போய் மேற்பார்வையாளரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிய பின்னரே கையை வைக்கலாம். இடுப்பு வலியோடு வந்தவர் 'இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, தொடை இடுக்கு மரத்திருக்கிறது' என்று பேச்சுவாக்கில் சொன்னால், அது முதுகைத் தொடும் நேரமில்லை. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிய நரம்பு நெருக்கடியாக இருக்கலாம். திடீரென்று வந்த, இதுவரை கண்டிராத கழுத்து வலியும் தலைவலியும் கழுத்துத் தமனி கிழிசலின் அறிகுறியாக இருக்கக்கூடும். அங்கே கழுத்தைத் திருப்புவது ஆபத்து. ஆஸ்டியோபொரோசிஸால் எலும்பு வலுவிழந்த மூதாட்டி, முதுகெலும்புக்குப் புற்றுநோய் பரவியவர் என்று இந்தப் பட்டியல் நீளும். சலூன்காரருக்குத் திருப்பத் தெரியும். யாரைத் திருப்பக் கூடாது என்று தெரியாது. நான்காயிரம் மணி நேரத்தின் பெரும்பகுதி இதற்குத்தான் செலவாகிறது என்பது என் கருத்து.

உரிமத்திற்கான தேர்வுகளிலும் இதையே காணலாம். தேசிய கைரோபிராக்டிக் தேர்வு வாரியம் நான்கு பகுதிகளாகத் தேர்வு நடத்துகிறது: முதல் பகுதி அடிப்படை அறிவியல், இரண்டாவது மருத்துவப் பாடங்கள், மூன்றாவது நோயாளி நேர்வுகள், நான்காவது செய்முறை. ஃபுளோரிடா போன்ற மாநிலங்கள் பிசியோதெரபி தேர்வையும் தம் சட்டங்கள் பற்றிய தேர்வையும் சேர்த்துக் கேட்கின்றன. நான்காம் பகுதியில் நோயாளியாக நடிப்பவரைப் படுக்க வைத்து, கையைச் சரியான இடத்தில் சரியான கோணத்தில் வைத்துக் காட்ட வேண்டும். மூட்டை அசைக்கும் அந்தத் திடீர் உந்தலை மட்டும் கொடுக்கக் கூடாது. நீங்கள் சொன்ன 'டக்' சத்தத்திற்கு அங்கே மதிப்பெண்ணே இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்து, கணவரோடு எச்-4 என்னும் துணைவர் விசாவில் டல்லாஸ் வந்திருக்கிறேன். நேரடியாகக் கைரோபிராக்டர் உரிமத் தேர்வு எழுத முடியுமா?
– ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: முடியாது, சகோதரி. டி.சி. படிப்பு இல்லாமல் உரிமம் கிடைக்காது. உங்கள் நாலரை ஆண்டு பி.பி.டி. மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பீடு செய்வித்தால், முன்தகுதியான 90 கிரெடிட்டுகளுக்கு அது பயன்படக்கூடும், டி.சி. படிப்புக்குள்ளேயே பாட விலக்கு தருவது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. உங்கள் ஊரிலேயே பார்க்கர் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு இருக்கிறது. விசாவோடு வேலை அனுமதி வருவதில்லை என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு கட்டணக் கடனைப் பற்றி முடிவெடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், வெளிநாட்டில் படித்த பிசியோதெரபிஸ்டுகளுக்கான தகுதி மதிப்பீட்டையும் அவர்களுக்கான தேசியத் தேர்வையும் முதலில் விசாரிப்பேன். கற்ற தொழிலை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிராது. இரண்டும் தனித்தனி உரிமங்கள், டி.சி. வாங்கியவர் பிசியோதெரபிஸ்ட் என்று பெயர்ப்பலகை மாட்ட முடியாது, மறுதலையாகவும் அப்படியே.

கேள்வி: அமெரிக்க உரிமம் பெற்ற கைரோபிராக்டர் என்று சென்னையில் விளம்பரம் பார்த்தேன். அந்த உரிமம் இங்கே செல்லுமா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு மாநிலத்தின் உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லாது; மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதைப் புதுப்பிக்கத் தொடர்கல்வியும் வேண்டும். ஃபுளோரிடாவில் இரண்டு ஆண்டுகளுக்கு 40 மணி நேரம். இந்தியாவில் கைரோபிராக்டர்களுக்கென்று தனி உரிமச் சட்டம் இல்லாததால், இங்கே அதைத் தகுதிச் சான்றாக மட்டுமே கொள்ள முடியும். அவரிடம் எந்தக் கல்லூரியின் டி.சி. பட்டம், எந்த மாநிலத்தின் உரிமம் என்று தயங்காமல் கேளுங்கள். அமெரிக்க மாநில வாரியங்களின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால், உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.