விருந்தாளி யார் என்று பாருங்கள்

கேள்வி: ஐரோப்பிய கால்பந்து கிளப்கள் பொன்விழா, நூற்றாண்டு விழா என்று சொல்லி, சீசன் தொடங்கும் முன் நாலு அணிகளைக் கூப்பிட்டு ஒரு கோப்பை நடத்துகின்றன. புள்ளியும் கிடையாது, பட்டமும் கிடையாது. இதற்கெல்லாம் ராத்திரி கண் விழிக்க வேண்டுமா?

பதில்: புள்ளி இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

1952 மார்ச்சில் ரியல் மாட்ரிட் தன் பொன்விழாவைக் கொண்டாடியது. சீசனுக்கு முன்பு நடந்தது அல்ல என்றாலும் அதுவும் அழைப்புப் போட்டிதான். ஸ்வீடனிலிருந்து நார்ஷோப்பிங் வந்தது. கொலம்பியாவிலிருந்து மில்லோனாரியோஸ் வந்தது. அந்தக் காலத்து கொலம்பிய லீக், உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவை மீறி, பழைய கிளப்களுக்குப் பணம் கொடுக்காமலே அர்ஜென்டினாவின் பெரிய ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது. அப்படிப் போனவர்களில் ஒருவர் 25 வயது ஆல்ஃபிரடோ டி ஸ்டெஃபானோ. விழா எடுத்தவர்களை அவர்கள் மைதானத்திலேயே மில்லோனாரியோஸ் 4-2 என்று வீழ்த்தியது.

பிறந்தநாள் வீட்டில் இப்படி ஒரு அடி! ஆனால் மாட்ரிட் தலைவர் சான்டியாகோ பெர்னபேயு அந்த ஆட்டத்தில் டி ஸ்டெஃபானோவைக் கண்ணாரப் பார்த்துவிட்டார். அப்புறம் நடந்தது பெரிய இழுபறி. ஆட்டக்காரரின் உரிமை அவருடைய பழைய அர்ஜென்டினா கிளப்பான ரிவர் பிளேட்டிடமா, மில்லோனாரியோஸிடமா என்ற குழப்பத்தில் பார்சலோனா ஒரு பக்கம் பேச, மாட்ரிட் இன்னொரு பக்கம் பேசியது. கடைசியில் 1953 செப்டம்பரில் அவர் மாட்ரிட் சட்டை போட்டார். 1933-க்குப் பிறகு ஸ்பெயின் லீக்கையே வெல்லாத அணி அந்த சீசனில் வென்றது. அவர் அடித்தது 27 கோல். 1956 முதல் 1960 வரை ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள், ஐந்து இறுதி ஆட்டங்களிலும் அவர் கோல். பலமான அணியைக் கூப்பிட்டுத் தோற்றதில் மாட்ரிட்டுக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

என் கோபமெல்லாம் இன்று விழா எடுப்பவர்கள் மீதுதான். சுலபமாகத் தோற்கடிக்கக்கூடிய அணியாகப் பார்த்து அழைக்கிறார்கள், புதுச் சட்டையை அறிமுகப்படுத்துகிறார்கள், டிக்கெட்டை மட்டும் முழு விலைக்கு விற்கிறார்கள். பார்சலோனா தன் நிறுவனர் ஜோன் கம்பர் பெயரில் 1966-இல் தொடங்கிய கோப்பையில் 1996 வரை நாலு அணிகள் ஆடின. 1997 முதல் ஒரே ஒரு ஆட்டம்தான். ஆட்ட அட்டவணை நெருக்கடி எனக்கும் புரிகிறது. ஆனாலும் இரண்டு நாளில் நாலு அணிகளைப் பார்த்த ரசிகருக்கு அது இழப்புதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதிரணி சமபலம் என்றால் முதல் ஒரு மணி நேரத்தை விடாதீர்கள். அதற்குப் பிறகு ஆட்களைக் கூட்டமாக மாற்றுவார்கள். பலர் டிவியை அணைப்பது அப்போதுதான். நீங்கள் அணைக்காதீர்கள். உள்ளே வரும் பதினெட்டு வயதுப் பையன்களின் பெயர்களைக் குறித்து வையுங்கள்.