நீச்சல் குளத்து ஏணியில் துரு: பில்டர் கை கழுவ முடியுமா?

கேள்வி: சென்னை ஈ.சி.ஆரில் எங்கள் அடுக்ககம். 2022 ஜூனில் சாவி கொடுத்தார்கள். நீச்சல் குளத்து ஏணி, கைப்பிடி, விளக்குச் சட்டத்தின் ஸ்க்ரூ எல்லாம் இரண்டே வருடத்தில் துருப்பிடித்துவிட்டன. பில்டரோ, "வாரண்டி ஒரு வருடம்தான். கடல் காற்று, குளோரின், உங்கள் பராமரிப்பும் சரியில்லை" என்கிறார். செலவு எங்கள் தலையில்தானா?
– அசோசியேஷன் செயலாளர்

பதில்: இல்லை. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)-ஐப் பாருங்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ, வேலையிலோ, தரத்திலோ குறை தெரியவந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தவறினால் நஷ்டஈடு. சட்டம் கொடுத்த ஐந்தாண்டை ஒப்பந்தத்தில் ஒரு வருடம் என்று எழுதிச் சுருக்கிவிட முடியாது. குளம் பொது வசதி என்பதால் அசோசியேஷனே மனு போடலாம்.

கடல் காற்று என்ற சாக்கு எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. ஈ.சி.ஆரில் மனை வாங்கும்போது கடல் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாதா? உண்மையான கேள்வி, எந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) போட்டார் என்பதுதான். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு. கடல் உப்பிலும் குளத்து நீரிலும் உள்ள குளோரைடைத் தாங்குவது அதனால்தான். விலை குறைந்த 304-இல் அது கிடையாது. "காந்தம் ஒட்டவில்லை, அசல் எஸ்.எஸ்." என்று சூப்பர்வைசர் செய்துகாட்டினால் மயங்காதீர்கள்; பொதுவாக இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேபில் சோதித்து அறிக்கை வாங்குங்கள். பிரசுரத்திலோ ஒப்பந்த இணைப்பிலோ 316 என்று எழுதியிருந்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

பராமரிப்பு என்ற வாதத்தில் மட்டும் கவனம் தேவை. குளம் பார்க்கும் ஆள் டைல்ஸ் கறைக்கு ஊற்றும் ஆசிட் ஏணியில் பட்டாலும், கம்பி நாரால் தேய்த்தாலும் நல்ல ஸ்டீலும் கெடும். அதை உடனே நிறுத்துங்கள். பி.ஹெச். (நீரின் அமில-கார அளவு), குளோரின் அளவு எழுதும் நோட்டுதான் உங்கள் சாட்சி. பி.ஹெச். 7.2–7.8, குளோரின் 1–3 பி.பி.எம். என்று ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் அவர் வாதம் நிற்காது. நோட்டே இல்லை என்றால் இன்றே தொடங்குங்கள். பழைய தேதி போட்டு நிரப்ப வேண்டாம், குறுக்கு விசாரணையில் சிக்கிக்கொள்வீர்கள்.

பில்டர் ஆள் அனுப்பி பஃபிங் (துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது) போட்டுத் தருகிறேன் என்பார். அதற்கு முன் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள். கழற்றும் ஏணி ஒன்றாவது சாட்சியாக உங்கள் காவலில் இருக்கட்டும். விளக்கு பக்கம் துரு என்றால் முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, எர்த்திங் பார்க்கச் சொல்லுங்கள். ஆடும் ஏணியைத் தெரிந்தே விட்டுவைத்து ஒரு பிள்ளை விழுந்தால், பொறுப்பு அசோசியேஷன் மேலும் வரும்.

இனி நடைமுறை. கமிட்டித் தீர்மானம், லேப் அறிக்கையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ். 30 நாள் கழிந்தும் அசையாவிட்டால், சரிசெய்யச் சொல்லி ரெரா ஆணையத்தில் புகார். நஷ்டஈடு மட்டும் ரெராவின் தீர்ப்பு அலுவலரிடம் தனி மனு. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே கெடு இரண்டே ஆண்டு. துரு தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் உங்களுக்குச் சிக்கல். ரெராவே மேல். ஐந்தாண்டைப் பொதுப் பகுதி ஒப்படைத்த நாளிலிருந்து எண்ணலாம் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி இருக்காமல், முதல் வீட்டுச் சாவி கொடுத்த தேதியை வைத்து, 2027 ஜூனுக்குள் நோட்டீஸ் பில்டர் கையில் சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.