மார்கழி மொட்டை மாடி: அரையாண்டு லீவு கேள்வி பதில்

அரையாண்டு லீவில் எங்கும் ஓடாமல் வீட்டிலேயே இருக்கப் போகிறோம், ராத்திரி பிள்ளைகளோடு வானம் பார்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். முப்பது வருடமாக மாடியில் மல்லாந்து படுத்துப் பழக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாமக்கல்: மகளுக்கு ஒன்பது வயது. லீவுக்கு டெலஸ்கோப் வாங்கித் தரலாமா?

வேண்டாம். ஒரு பாய், ஆளுக்கொரு போர்வை, காதை மூட ஒரு துண்டு போதும். மார்கழித் தரை சில்லென்று இருக்கும். வடாம் காயப்போடும் பிளாஸ்டிக் ஷீட்டைப் பாய்க்கு அடியில் விரித்துக்கொள்ளுங்கள். செல்போனைக் கீழேயே வைத்துவிட்டு வாருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒரு வாட்ஸப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

முதல் பத்து நிமிடம் பிள்ளை "ஒண்ணுமே தெரியல" என்று நெளியும். விட்டுவிடுங்கள். போன வருடம் என் பேரனும் நெளிந்தான். கால் மணி நேரம் கழித்து, தலைக்கு மேலே கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். "ஆறு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இல்ல தாத்தா, ஏழு." அப்புறம் அரை மணி நேரம் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

திருவாரூர்: எத்தனை மணிக்கு எதைப் பார்ப்பது?

டிசம்பர் கடைசி வாரம், இரவு 9 மணி, கிழக்கே பாருங்கள். மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில், ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். அதற்கு இடப்பக்கம் சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. வழக்கமாக இது ரோகிணி நட்சத்திரத்தைவிடப் பிரகாசம். 2019 டிசம்பரில் மங்க ஆரம்பித்து, 2020 தையில் ரோகிணியைவிடவே மங்கலாகிவிட்டது. வெடிக்கப் போகிறது என்று பலரும் கிளப்பிவிட்டார்கள். அது தானே கக்கிய தூசிதான் அதன் முகத்தை மறைத்திருந்தது. பல மாதம் கழித்துப் பழையபடி ஆனது.

10 மணிக்கு மேல் தெற்கே திரும்புங்கள். தாழ்வாக, தனியாக மின்னுவது அகத்தியர் நட்சத்திரம். இரவு வானத்து நட்சத்திரங்களில் பிரகாசத்தில் இரண்டாவது இடம் இதற்கு. லண்டனில் இருப்பவருக்கு இது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. சென்னையில் உச்சத்தில் 24 டிகிரி ஏறும், கன்னியாகுமரியில் 29. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவை: எரிகல் மழை உண்டா?

உண்டு. ஜெமினிட்ஸ் என்ற எரிகல் மழை டிசம்பர் 13, 14-இல் உச்சம். அதாவது தேர்வு நேரத்தில். 1983-இல் கண்டுபிடித்த ஃபேத்தான் என்ற சிறுகோள் உதிர்த்த துகள்கள் அவை. பின்னிரவு 2 மணிக்கு நன்றாகத் தெரியும், வடகிழக்குப் பருவமழை வழிவிட்டால். எழுப்புவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையின் கணக்குப் பரீட்சை எந்த நாள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஈரோடு: நல்ல டெலஸ்கோப் எது?

முதல் பதில். கை அரித்தால் 10x50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள், பிள்ளை வளர்ந்த பிறகும் உதவும்.

வேலூர்: மார்கழி விடியலில் ஓசோன் கீழே இறங்கி வருமாமே, அதனால்தான் கோலம் போடச் சொன்னார்களாமே?

ஓசோன் அடுக்கு இருப்பது சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். இறங்கி வராது. வந்தால் நுரையீரலுக்குக் கேடு. கோலத்தைக் கோலத்துக்காகவே போடலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: "வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று" என்று ஆண்டாள் பாடியது கண்ணால் பார்த்துத்தானே?

திருப்பாவை 13-ஆம் பாசுரம். பார்த்துப் பாடியதாகத்தான் எனக்கும் தோன்றுகிறது. வெள்ளி கிழக்கே எழும் நேரம் வியாழன் மேற்கே விழ வேண்டும் என்றால், வியாழன் சூரியனுக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். 2012 மார்கழியில் அப்படி அமைந்தது. விடியற்காலை 5 மணி, கோயில் ஒலிபெருக்கி அப்போதுதான் கரகரத்தது. மேற்கே தென்னை மட்டைக்குள் வியாழன் இறங்குகிறது, கிழக்கே வெள்ளி. காபி ஆறிப்போனது.

மதுரை: அப்படியானால் இந்த வரியை வைத்துத் தமிழறிஞர் மு. இராகவையங்கார் திருப்பாவையின் காலம் கி.பி. 731 என்று கணித்தது சரி என்கிறீர்கள்!

அப்படிச் சொல்லவில்லை. வெள்ளி 8 ஆண்டுக்கு ஒருமுறை கிட்டத்தட்ட அதே நாளில் அதே இடத்துக்கு வரும். வியாழனுக்குச் சுமார் 12. இரண்டும் சேர்ந்து 24 ஆண்டுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே காட்சி. 1988-இல் வந்தது, 2012-இல் வந்தது, 2036-இலும் வரும். நூற்றாண்டுக்கு நாலு தடவையாவது நடக்கும் ஒன்றை வைத்து மட்டும் ஒரு வருடத்தைக் குறிக்க முடியாது. வேறு சான்றும் சேர வேண்டும்.

மதுரை (மறுபடி): பெரிய அறிஞரின் ஆய்வை நாலு வரியில் தள்ளுகிறீர்கள்.

தள்ளவில்லை ஐயா. அவர் மற்ற சான்றுகளையும் பார்த்தவர். "ஒரே தடவைதான் நடந்தது" என்று வருடா வருடம் மார்கழியில் பார்வர்டு செய்கிறவர்களிடம்தான் என் சண்டை.

கும்பகோணம்: "வெள்ளி எழுந்து" என்றால் வெறுமனே "விடிந்தது" என்று ஏன் கொள்ளக் கூடாது?

நல்ல கேள்வி. விடிவெள்ளி என்ற சொல்லே அப்படித்தானே புழங்குகிறது. ஆனால் வெறும் விடியலைச் சொல்ல வியாழம் எதற்கு? அவள் மேற்கேயும் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

கரூர்: என் ராசிக்கு வியாழன்...

அடுத்தது.

தாம்பரம்: பக்கத்து வீட்டு எல்.இ.டி. விளக்கு கண்ணைக் கூசுகிறது.

அவர்களையும் மாடிக்குக் கூப்பிடுங்கள், சுக்குக் காபி கொடுங்கள். விளக்கை அவர்களே அணைப்பார்கள். எங்கள் தெருவில் பலித்தது.

திண்டுக்கல்: 20,000 ரூபாய்க்குள் டெலஸ்கோப்...

பாய் 300 ரூபாய்.

தூத்துக்குடி: டிசம்பர் 31 நள்ளிரவில் பார்க்க ஏதாவது?

உண்டு. 12 மணி அடித்துக் கால் மணி நேரம் போனதும் தெற்கே நிமிர்ந்து பாருங்கள். இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் அப்போது உச்சத்தில் நிற்கும், அதற்குக் கீழே அகத்தியர். பட்டாசுப் புகை அடங்கட்டும். சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரம். வீட்டில் எட்டரை வயதுப் பிள்ளை இருந்தால், அது பிறந்த சமயத்தில் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம்தான் இப்போது கண்ணில் படுகிறது என்று சொல்லிக் காட்டுங்கள்.