டி.ஓ. ரெசிடென்ட்டுக்கு எம்.டி. ஆசிரியர் என்ன கற்றுத்தர முடியும்?

கேள்வி: சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். இப்போது மிச்சிகனில் ஒரு ஃபேமிலி மெடிசின் ரெசிடென்ஸியில் (பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சித் திட்டத்தில்) ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ரெசிடென்ட்களில், அதாவது பயிற்சி மருத்துவர்களில், பாதிப் பேர் டி.ஓ. (ஆஸ்டியோபதிக் மருத்துவ) பட்டதாரிகள். அமெரிக்காவின் வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. பெற்றவர்களைப் போலவே அவர்களும் முழு மருத்துவர்கள், கூடவே கைமுறை சிகிச்சையும் கற்றவர்கள். ரெசிடென்ஸிகளை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்இ அமைப்பு, ஆஸ்டியோபதிக் பயிற்சிக்கெனத் தரும் ஆஸ்டியோபதிக் ரெகக்னிஷனுக்கு விண்ணப்பிக்கிறோம். மற்ற ஆசிரியர்களைத் தயார்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மூட்டுகளையும் தசைகளையும் கையால் அழுத்தி, அசைத்துச் செய்யும் இந்தக் கைமுறை சிகிச்சை எனக்கே தெரியாதே, எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கைமுறை சிகிச்சையை நீங்கள் கற்றுத் தேற வேண்டியதில்லை. அதற்கு ஆஸ்டியோபதிக் கல்வி இயக்குநரும் கூட இன்னொரு டி.ஓ. ஆசிரியராவதும் இருக்கட்டும். மற்ற ஆசிரியர்கள் பழக வேண்டியது, ரெசிடென்ட் நோயாளியைப் பற்றி வந்து சொல்லும்போது சரியான கேள்வி கேட்பது.

டி.ஓ. மாணவர்கள் கல்லூரியில் சுமார் 200 மணி நேரம் இந்தக் கைப்பயிற்சி பெறுகிறார்கள். 2015 முதல் 2020 வரை நடந்த மாற்றத்தில் எம்.டி., டி.ஓ. ரெசிடென்ஸிகள் ஒரே அங்கீகார முறைக்குள் வந்துவிட்டன. அதனால் டி.ஓ. ரெசிடென்ட்கள் பலர் எம்.டி. ஆசிரியர்களிடமே படிக்கிறார்கள். அந்த ஆசிரியர் கைப்பரிசோதனையைப் பற்றி ஒன்றுமே கேட்காவிட்டால், ரெசிடென்ட்டும் அடுத்த முறை அதைச் சொல்லமாட்டார். ரெசிடென்ஸி முடிவதற்குள் கைப்பழக்கம் போய்விடும். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

நான்கு நாளாக இடுப்பு வலி, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்று ஒரு நோயாளி வருகிறார் என்று வையுங்கள். மருந்துப் பேச்சுக்கு முன்னால், "தொட்டுப் பார்த்ததில் என்ன தெரிந்தது?" என்று கேளுங்கள். திசுவின் தன்மை மாறியிருக்கிறதா, இரு பக்கமும் ஒத்திருக்கிறதா, அசைவு குறைந்திருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா என்ற நான்கையும் ரெசிடென்ட் சொல்ல வேண்டும். அப்புறம், "எந்த உத்தி, இவருக்கு ஏன் அது?" முதுகெலும்புக் கைமுறை சிகிச்சை, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸின் 2017 இடுப்பு வலி வழிகாட்டுதலிலும் இருக்கிறது. ஆகவே இது டி.ஓ.க்களின் தனி விஷயம் அல்ல.

உங்கள் பலமும் இங்கேதான் இருக்கிறது. எலும்பு மெலிவு, எலும்புக்குப் பரவிய புற்றுநோய், முடக்குவாதத்தாலோ டவுன் சிண்ட்ரோமாலோ பலவீனமான கழுத்து ஆகியவற்றில் வேகமாகத் தள்ளும் உத்தி ஆபத்து. இந்த நோய்களை நீங்கள் நன்றாக அறிவீர்கள். "இவருக்கு எதைச் செய்யக் கூடாது?" என்று கேட்க டி.ஓ. பட்டம் தேவையில்லை.

பல இடங்களில் தடையாக இருப்பது நேரமும் பில்லிங்கும். கைமுறை சிகிச்சை ப்ரொசீஜராகக் கணக்காகும். எத்தனை உடல் பகுதிகள் என்பதைப் பொறுத்து 98925 முதல் 98929 வரை பில்லிங் குறியீடுகள். சில எளிய சந்திப்புகளுக்கு ஆசிரியர் நோயாளியை நேரில் பார்க்காமலே பில் போட, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் பிரைமரி கேர் விதிவிலக்கு இதற்குப் பொருந்தாது. பில் போட வேண்டுமானால் ஆசிரியர் நேரில் இருக்க வேண்டும். ஆகவே டி.ஓ. ஆசிரியர் இருக்கும் அரை நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள், சிகிச்சை மேசையும் அறையில் இருக்கட்டும். ஆனால் கேள்விகள் எல்லா நாளும் வரவேண்டும்.

பயிற்சியை ஸ்லைடு போட்டு நடத்தாதீர்கள். ஆசிரியர்கள் மேசையில் படுக்கட்டும், ரெசிடென்ட்கள் செய்து காட்டி விளக்கட்டும். ரெசிடென்ட்டுக்கும் அது கற்பிக்கும் பயிற்சி. சந்தேகப்படும் ஆசிரியர்களை ஒதுக்க வேண்டாம், ஆய்வுக் கட்டுரைகளை விவாதிக்கும் ஜர்னல் கிளப்பில் உட்கார வையுங்கள். முதியோர் நிமோனியாவில் இந்தச் சிகிச்சையைச் சோதித்த, 2010-ல் வெளியான ஆய்வு நல்ல தொடக்கம். சேர்க்கப்பட்ட எல்லோரையும் கணக்கில் எடுத்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நெறிமுறைப்படி சிகிச்சை முடித்தவர்களை மட்டும் பார்த்தபோது மருத்துவமனையில் தங்கிய நாட்கள் குறைந்தன. ஏன் இந்த வேறுபாடு என்று விவாதித்தால் இரு தரப்பும் கற்கும்.

மதிப்பீட்டுக்கு ஏசிஜிஎம்இ-யின் ஆஸ்டியோபதிக் மைல்ஸ்டோன்கள் (படிப்படியான திறன் அளவுகோல்கள்) உள்ளன. நேரில் பார்த்து நிரப்புங்கள், ஊகித்து வேண்டாம்.

விண்ணப்பப் படிவத்தைத் தொடும் முன் ஒன்று செய்யுங்கள். சென்ற மாதம் எத்தனை நோயாளிகளுக்குக் கைமுறை சிகிச்சை செய்தீர்கள், செய்ய நினைத்தும் விட்டது எப்போது, ஏன் என்று உங்கள் டி.ஓ. ரெசிடென்ட்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பயிற்சியில் எதை முதலில் வைப்பது என்பதை அந்தப் பதில்களை வைத்து முடிவு செய்யலாம்.