கோழிக் கூண்டில் ஈரம்: கூளத்தை மாற்றும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வீட்டின் பின்புறம் ஆறடிக்கு நாலடியில் தகரக் கூரை போட்ட கூண்டு வைத்திருக்கிறோம். 12 கிரிராஜா கோழிகள். சிமெண்ட் தரைமேல் மரத்தூள் பரப்பியிருக்கிறோம். மழை பிடித்ததிலிருந்து தூள் களியாகிவிடுகிறது. காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. சாரல் அடிக்காமல் இருக்க மாலையில் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டிவிடுகிறோம். மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தூள் போட்டும் பயனில்லை. மாமியார் சாம்பல் தூவச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சுண்ணாம்பு என்கிறார், கடைக்காரர் வினைல் விரிப்பு தருகிறேன் என்கிறார். சிமெண்டை உடைத்து மண் தரை ஆக்கிவிடலாமா? தர்மபுரிப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில் எத்தனையோ கோழிகள் இருந்தன, இப்படி நாறியதே இல்லை. இன்னும் நான்கு கோழி வாங்கவும் ஆசை."

சிமெண்டை உடைக்காதீர்கள். இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டுவிடப் போகிறீர்களோ என்ற பயத்தில் இதை முதலில் சொல்கிறேன். இந்த ஊர்ப் பெருச்சாளிக்கு மண் தரை என்பது திறந்த கதவு. ஒரே இரவில் குடைந்து உள்ளே வந்துவிடும். சிமெண்ட் தரை வெளி மண்ணைவிட ஓரடியாவது உயர்ந்திருக்கிறதா, மழைநீர் சுவரோரம் தேங்காமல் ஓடிவிடுகிறதா என்று மட்டும் பாருங்கள். வினைல் விரிப்பும் வேண்டாம். அதன் அடியில் புகுந்த ஈரம் அங்கேயே கிடந்து அழுகும்.

இப்போது ஒரு சிறிய கணக்கு. முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் எச்சமிடும். கிரிராஜா உடல் பெருத்த இனம், குறையாது. எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். 12 கோழிகள் என்றால் தினமும் ஒரு லிட்டர் தண்ணீரை நீங்களே அந்த 24 சதுர அடியில் ஊற்றுவதற்குச் சமம். மூச்சில் வரும் ஆவி தனி. குடிநீர்ப் பாத்திரத்திலிருந்து சிந்துவதும் தனி. இவ்வளவும் எந்த வழியாக வெளியே போகிறது? காற்று வழியாகத்தான். அந்த வழியைத்தான் ஒவ்வொரு மாலையும் தார்ப்பாயால் கட்டி அடைக்கிறீர்கள்.

கூளம், அதாவது தரையில் பரப்பும் மரத்தூள் போன்றவை, தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதைக் காயவைப்பது காற்றின் வேலை. காற்று இல்லாத இடத்தில் எத்தனை மூட்டை மரத்தூள் கொட்டினாலும் மூன்றாம் நாள் அது களியாகத்தான் ஆகும். செலவும் உழைப்பும் உங்களுடையது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தார்ப்பாயைச் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் கட்டுங்கள். அங்கேயும் கூரைக்குக் கீழே ஓரடி உயரத்துக்குத் திறந்தே இருக்கட்டும், கம்பி வலை மட்டும் போதும். கூரையை மூன்றடி வெளியே நீட்டிவிட்டால் தார்ப்பாய்க்கே அதிக வேலை இருக்காது. வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே எழுந்து அந்த இடைவெளி வழியாகப் போய்விடும். அடைத்துவைத்தால் அது குளிர்ந்த தகரத்தில் பட்டு, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகக் கூளத்திலேயே விழும். கூரை ஒழுகுகிறது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

கோழிக்குக் குளிருமே என்று கவலைப்படுவீர்கள். அதன் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், மேலே இறகுப் போர்வையும் உண்டு. கிரிராஜா பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட இனம். இங்கே ஜனவரி இரவில் 15 டிகிரிக்கு இறங்கினாலும் நன்கு வளர்ந்த கோழிக்கு ஒன்றும் ஆகாது. ஈரமும் நச்சுக் காற்றும்தான் அதைப் படுக்கவைக்கும். திறப்பு, பரணில் (இரவில் கோழி ஏறி உட்காரும் கட்டையில்) உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே இருந்தால் நேரடிக் காற்றும் அடிக்காது.

கண் எரிச்சலுக்குக் காரணம் அம்மோனியா. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் யூரிக் அமிலம். ஈரம் கிடைத்தால் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. காற்றில் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) அளவைத் தாண்டினால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழாயும் புண்ணாகும். நின்றுகொண்டு முகர்ந்தால் சரியாகத் தெரியாது. காலையில் கதவைத் திறந்ததும் குந்தி உட்கார்ந்து, கோழியின் தலை இருக்கும் உயரத்தில் மூச்சிழுத்துப் பாருங்கள். தினமும் போகிறவர் மூக்குக்கு வாசனை பழகிவிடும் என்பதால், வீட்டில் வேறொருவரையும் முகரச் சொல்லுங்கள்.

சாம்பல், சுண்ணாம்பு இரண்டும் காரத்தன்மை கொண்டவை. எச்சம் கலந்த கூளத்தில் இவற்றைத் தூவினால் மேல்பகுதி காய்ந்ததுபோல் தெரியும். ஆனால் காரம் ஏற ஏற அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும். கோழிகள் உள்ளே இருக்கும்போது அது கூடாது. சுண்ணாம்பைக் கூண்டைக் காலி செய்து கழுவிக் காயவைத்த பிறகு வெறும் தரைக்கும் சுவருக்கும் அடியுங்கள். உங்கள் மாமியார் சொல்லும் சாம்பலுக்கும் நல்ல இடம் உண்டு. ஓர் அகலமான பெட்டியில் மணலோடு கலந்து மழைபடாத மூலையில் வையுங்கள். கோழிகள் அதில் புரண்டு குளிக்கும், பேனும் குறையும்.

அடுத்து, பரண். கோழி இடும் எச்சத்தில் ஏறக்குறைய பாதி இரவில் பரணுக்கு நேர் கீழேதான் விழுகிறது. பரணுக்கு அரையடி கீழே ஒரு பலகையோ தகரத் தட்டோ பொருத்தி, அதில் இரண்டு கைப்பிடி உமி தூவி, தினமும் காலையில் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. கூளத்தின் சுமை பாதியாகிவிடும்.

உங்கள் பாட்டி வீட்டில் நாறாததற்கும் இதுவே காரணம். இரவில் பஞ்சாரத்தில் கவிழ்ப்பார்கள். விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கி, அடியில் கிடப்பதைக் கூட்டிக் குப்பைக்குழியில் கொட்டிவிடுவார்கள். பகல் முழுக்கக் கோழி தெருவிலும் தோட்டத்திலும் மேய்ந்தது. எங்கள் வீட்டிலும் அம்மா பல் விளக்கும் முன்பே அந்த இடத்தைக் கூட்டிவிடுவார். எச்சம் ஒரே இடத்தில் சேரவே இல்லை. நீங்கள் நகரத்தில் அடைத்து வளர்ப்பதால், பாட்டியின் துடைப்பம் செய்த வேலையைத் தட்டும் காற்றும் கூளமும் பங்குபோட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

குடிநீர்ப் பாத்திரத்தைக் கூளத்தின்மேல் வைக்காதீர்கள். கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மேலே கம்பி வலைச் சட்டமும் அடியில் ஒரு தட்டும் வைத்தால் சிந்துவது தட்டில் நிற்கும்.

கூளத்துக்கு வருகிறேன். மரத்தூளைவிட மரச்சீவல் நல்லது. தூள் மிக நுண்மையாக இருப்பதால் இறுகிவிடும், காய்ந்தால் புழுதியாகக் கிளம்பும். ஒட்டுப்பலகை அறுத்த தூளில் பசை இருக்கும், தொடவே வேண்டாம். உமி அதிகம் உறிஞ்சாது, ஆனால் கட்டி பிடிக்காது. தென்னை நார்க்கழிவு நிறைய உறிஞ்சும், ஆனால் விட்டால் சேறாகும். மழைக்காலத்துக்கு இரண்டு பங்கு மரச்சீவலும் ஒரு பங்கு உமியும் கலந்து நான்கு அங்குலம் பரப்புங்கள். நிலக்கடலைத் தோடு கிடைத்தால் பூஞ்சணம் இல்லாததை மட்டும் எடுங்கள். பூஞ்சணம் பிடித்த கூளம் கோழியின் நுரையீரலைத் தின்றுவிடும். பழைய கூளத்தை அள்ளும்போது நீங்களும் முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே மழை பெரும்பாலும் மாலையில்தான் கொட்டுகிறது. ஆகவே காலை பத்து மணி வெயிலில் எல்லாப் பக்கமும் திறந்துவிட்டுக் கூளத்தைக் கிளறுங்கள். ஒரு பிடி கம்போ கேழ்வரகோ தூவினால் பாதி வேலையைக் கோழிகளே செய்யும். பிறகு ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் ஈரம் 25 சதவீதம் அளவில் இருக்கிறது, சரி. விரல் இடுக்கில் தூசாக ஓடினால் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. கட்டிபிடித்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்பினால் போதும், முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சல் நோயின் முட்டைகள் ஓரிரு நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நின்றாலோ, கூளத்தைப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆழ்கூளமாக, அதாவது பழையதை அள்ளாமல் மேலே மேலே கூளம் சேர்த்து, வளர்க்க விருப்பமிருந்தால் மழைக்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஜனவரியில் புதிதாகப் பரப்பி, வாராவாரம் கொஞ்சம் சேர்த்து வந்தால் மழைக்கு முன் நுண்ணுயிர்கள் பெருகிக் கூளம் பக்குவப்பட்டிருக்கும். அள்ளியதை நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். இரண்டு மூன்று மாதம் காய்ந்த இலைகளோடு மக்கவிட்டுப் போடுங்கள்.

நான்கு கோழி வாங்குவது பற்றி: அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழி ஒன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை சதுர அடி வேண்டும். உங்கள் 24 சதுர அடி 12 கோழிக்கே விளிம்பில் நிற்கிறது. 16 ஆனால் ஆளுக்கு ஒன்றரை அடிதான். கூண்டை இன்னும் நான்கடி நீட்டிக் கட்டிவிட்டு வாங்குங்கள்.