போலிக் கொலை வேண்டாம், சீட்டுப் பெட்டி வையுங்கள்

உங்கள் புதுப் படத்தின் விளம்பரத்துக்காகத் திரையரங்கு வாசலில் போலிக் கொலை நடத்தி, போலீஸ் உடையில் ஆட்களை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். விவரம் தெரியாத ஒருவர் பதறிப்போய் உண்மையான போலீஸையே அழைத்துவிடுவார். அதோடு, உங்களுடையது சிரிக்க வைக்கும் மர்மப் படம். ரத்தத்தைக் காட்டினால் திகில் படம் என்று நினைத்துவிடுவார்கள்.

அதற்குப் பதிலாக உள்ளே, முன்கூடத் தரையில் சாக்பீஸால் ஓர் உடல் வடிவம் வரையுங்கள். அதன் கையருகே கவிழ்ந்த பாப்கார்ன் டப்பா. பக்கத்தில் சந்தேக நபர்கள் ஐந்து பேரின் படம், ஆளுக்கொரு அசட்டு வாக்குமூலம். டிக்கெட்டோடு ஒரு சீட்டும் கொடுங்கள். முகத்தைப் பார்த்தே கொலையாளியை ஊகித்து, பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். படம் முடிந்ததும் அரங்குக்குள்ளேயே பெட்டியைத் திறந்து பரிசு கொடுங்கள். வெளியே வந்து அறிவித்தால் அடுத்த காட்சிக்கு நிற்பவர்கள் காதில் விழுந்துவிடும்!

அப்புறம், ஒவ்வோர் அரங்கிலும் படத்துக்கு வெவ்வேறு முடிவைக் காட்டலாம் என்ற உங்கள் இன்னொரு யோசனை. 1985-இல் ‘க்ளூ’ என்ற ஹாலிவுட் நகைச்சுவை மர்மப் படம் அப்படித்தான் மூன்று முடிவுகளோடு வெளியானது, வசூல் கைகொடுக்கவில்லை. எங்கே போவது என்று குழம்புகிறவர் வீட்டிலேயே இருந்துவிடுவார் என்பது என் எண்ணம். சாக்பீஸை எடுக்கும் முன் அரங்க மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.